மனசு உறுத்துகிறது, காரணம் தெரியவில்லை: என்ன செய்வது?

வாசகர் கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன)

வாசகருக்கு வயது 41. ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறார். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். "எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மனசில் படும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிவின் பொறுப்பு இவரிடம் வந்தது. உதவியாளர் ஒருவரை இவரே நேர்முகத் தேர்வு நடத்தி எடுத்தார். வந்தவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியதுமே "இவர்தான்" என்று பட்டுவிட்டதாம். ஓராண்டு கழித்து, செய்யாத பராமரிப்பைச் செய்ததாக அந்த உதவியாளர் பதிவேட்டில் எழுதிவந்தது வெளியே வந்தது. பழி இவர் மீது விழுந்தது. அதிலிருந்து தன் மனசை எதிலும் நம்ப முடியவில்லை. கேட்ட மாத்திரத்தில் தெரிகிற பழுதைக்கூட இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்க்கிறார். இரவில் தூக்கமும் சரியில்லை.

இந்த நேரத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் தன் தொழிலில் பங்குதாரராகச் சேரச் சொல்லி அழைக்கிறார். மூன்று முறை பேசியாயிற்று. அட்டவணை போட்டதில் சாதகம் 14, பாதகம் 5. ஆனாலும் மூன்றாவது சந்திப்பிலிருந்து ஏதோ நெருடுகிறது. "மனசுக்குப் படலைன்னா விட்டுடுங்க" என்கிறார் மனைவி. "அது வெறும் பயம், கணக்கைப் பார்" என்கிறார் அண்ணன். போதாக்குறைக்கு, இணையத்தில் வந்த மூன்று கேள்விச் சோதனை ஒன்றில் மூன்றும் தப்பு. "என் மனசு ஒருமுறை என்னை ஏமாற்றிவிட்டது. இனி மனசை நம்புவதா, கணக்கை நம்புவதா? எனக்கு யோசிக்கவே வராதோ?" என்று முடித்திருக்கிறார்.

உளவியல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

அந்தச் சோதனையை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உங்களைத் தேவையில்லாமல் காயப்படுத்தியிருக்கிறது. நீங்கள் எழுதியிருந்த கேள்வி இது: ஒரு ஏரியில் படரும் இலைகள் தினமும் இரண்டு மடங்காகின்றன. ஏரி முழுவதும் மூட 48 நாள் ஆகும் என்றால், பாதி ஏரி மூட எத்தனை நாள்? உங்களுக்கு 24 என்று தோன்றியது. சரியான விடை 47. கடைசி நாளுக்கு முந்தைய நாள் பாதி மூடியிருந்தால்தான் மறுநாள் இரட்டிப்பாகி முழுவதும் மூடும். ஷேன் ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005-இல் வெளியிட்ட மூன்று கேள்விகளில் ஒன்று இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற பேர்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்களிலேயே மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் 48 சதவீதம் பேர்தான். முதலில் ஒரு தப்பான விடை பளிச்சென்று மனதில் வந்து நிற்கும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட கேள்விகள் இவை. வந்த விடையை அப்படியே சொல்கிறோமா, ஒரு கணம் நிறுத்திச் சரிபார்க்கிறோமா என்பதைத்தான் அவை பெரிதும் சோதிக்கின்றன. பிரித்துச் சொன்னதும் உங்களுக்கு விடை புரிந்ததா? அப்படியானால் "யோசிக்க வராது" என்ற முடிவை இங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் மனசு ஒன்றல்ல

மனசு என்று ஒரே ஒரு ஆள் உள்ளே இருப்பதாகவும், அவர் ஒருமுறை பொய் சொல்லிவிட்டதால் இனி எதிலும் அவரை நம்பக் கூடாது என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்களே, அந்த நிலை உங்களுக்கு. ஆனால் மோட்டார் சத்தத்தைக் கேட்டு பேரிங்கைச் சொன்னதும், ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதரை எடைபோட்டதும் ஒரே திறமையின் வேலைகள் அல்ல.

சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த பலகையை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்துவிடுவார்கள். பார்த்ததை நினைவிலிருந்து அடுக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். அப்புறம் காய்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுக் காட்டினார்கள். அப்போது பெரிய ஆட்டக்காரருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. அவர்களுக்கு அபார நினைவாற்றல் இருந்திருந்தால் இரண்டிலும் ஜெயித்திருக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது, ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பார்த்துப் பழகிய அமைப்புகள். பழகியதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பழகாததில் ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் பேரிங்கும் அப்படித்தான். 17 ஆண்டுகளாகச் சத்தத்தைக் கேட்டீர்கள், மனதில் ஒன்று பட்டது, கழற்றிப் பார்த்தீர்கள். நினைத்தது சரியா தப்பா என்று இயந்திரம் அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. இப்படி எத்தனை நூறு முறை நடந்திருக்கும்! ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அப்படி என்ன பழக்கம் இருந்தது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதுதான் முதல் முறை. நிறைய ஆட்களை எடுத்தவர்களுக்கும் இதில் பாடம் சரியாகக் கிடைப்பதில்லை. எடுத்தவர் எப்படி என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும். வேண்டாம் என்று அனுப்பியவர் எப்படி இருந்திருப்பார் என்பது கடைசிவரை தெரியாது.

டேனியல் கானெமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். கானெமன் மனித மதிப்பீட்டின் கோளாறுகளை ஆராய்ந்தே பெயர் பெற்றவர், 2002-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். கிளைன் அதற்கு நேரெதிர் பக்கம்: தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள் போன்றவர்களின் உள்ளுணர்வு எவ்வளவு கூர்மையானது என்று காட்டிவந்தவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு விஷயங்கள் இருந்தால் ஒருவரின் உள்ளுணர்வை நம்ப இடமுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது இந்த அறிகுறி வந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும் என்று இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ள, தன் தவறு உடனுக்குடன் தெரிகிற வாய்ப்பும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாக மனசில் படுகிறது என்பது இதில் சேர்த்தியே இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உதவியாளர் விஷயத்தில் நீங்கள் அந்த உறுதியைத்தான் சான்றாக எடுத்துக்கொண்டீர்கள். பேரிங் விஷயத்தில் வருகிற அதே உறுதி, அதே தெளிவு அங்கேயும் வந்தது. உள்ளிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

ஆகவே இயந்திரங்களில் உங்கள் காதைத் திரும்ப நம்பத் தொடங்குங்கள். வெறும் தைரியத்தில் வேண்டாம், பதிந்து பாருங்கள். கழற்றுவதற்கு முன் என்ன பழுது என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதி என்று ஒரு வரி எழுதுங்கள். கழற்றிய பின் என்ன இருந்தது என்று அடுத்த வரி. சில வாரங்களில் உங்கள் கையெழுத்திலேயே பதில் இருக்கும். புதிய மாடல் இயந்திரம் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பழகிய வழி கண்ணை மறைக்கும் என்பதை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-லேயே தண்ணீர் ஜாடிப் புதிர்களை (வெவ்வேறு அளவு ஜாடிகளைக் கொண்டு கேட்ட அளவு தண்ணீரை அளந்தெடுக்கும் புதிர்கள்) வைத்துக் காட்டியிருக்கிறார். ஒரு சுற்றுவழியில் சில புதிர்களைத் தீர்த்துப் பழகியவர்களில் பலருக்கு, அடுத்து வந்த புதிரில் பளிச்சென்று இருந்த குறுக்குவழி கண்ணில் படவே இல்லை.

"அன்றைக்கே தெரிந்தது" என்கிறீர்களே

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், "மனசு என்னை ஏமாற்றிவிட்டது" என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில், "இப்போது நினைத்தால், அந்த உதவியாளர் பேசும்போதே எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை" என்றும் இருக்கிறது. மனசு ஏமாற்றியது என்றும் சொல்கிறீர்கள், எச்சரித்தது என்றும் சொல்கிறீர்கள். இரண்டு குற்றத்தையும் நீங்களே சுமக்கிறீர்கள்.

இரண்டாவதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். பொய் சொல்கிறீர்கள் என்பதற்காக அல்ல, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், பயணத்தில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பலரிடம் எழுதி வாங்கினார் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர். பயணம் முடிந்து சில காலம் கழித்து, "நீங்கள் அப்போது என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் சொன்னதைவிட அதிக வாய்ப்புச் சொன்னதாகவே பலரும் நினைவுகூர்ந்தார்கள். முடிவு தெரிந்தபின் பழைய நினைவு அதற்கேற்ப நிறம் மாறிக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் "இவர்தான்" என்று பட்டது என்கிறீர்கள், அன்றிருந்தது அதுதான். சந்தேகம் பின்னால் வந்து சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எச்சரிக்கையைப் புறக்கணித்த குற்றத்தை இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது

உங்கள் பொறுப்பில் இது மறுபடி வரும், தள்ளிப்போட முடியாது. கானெமன் 1955-இல், 21 வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது இதே பிரச்சினை அவரிடம் வந்தது. புதிதாகச் சேர்பவர்களிடம் கால் மணி, இருபது நிமிடம் பொதுவாகப் பேசி, ஆள் எப்படி என்று மொத்தமாக ஓர் எண்ணத்துக்கு வந்து மதிப்பெண் போடுவார்கள். பிற்பாடு அந்த வீரர் எப்படி வேலை செய்தார் என்பதோடு ஒப்பிட்டால் அந்த மதிப்பெண்ணால் ஏறக்குறைய பயனே இல்லை. கானெமன் முறையை மாற்றினார். நேரம் தவறாமை, பழகும் தன்மை என்று ஆறு குணங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைக் கேட்கும் கேள்விகள்: எத்தனை வேலை பார்த்தாய், வேலைக்கு நேரத்துக்குப் போனாயா, இப்படி. ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

தேர்வாளர்கள் கொதித்துப்போனார்கள். "எங்களை இயந்திரமாக்குகிறீர்கள்" என்று சண்டை. சரி, என்று அவர் ஒரு வழி சொன்னார். ஆறுக்கும் மதிப்பெண் போட்டு முடித்தபின் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இந்த ஆளை வீரராக மனதில் பாருங்கள், தோன்றுகிற மதிப்பெண்ணைப் போடுங்கள். சில மாதம் கழித்துச் சரிபார்த்தபோது புதிய முறை பழையதைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. அதைவிட முக்கியமாக, கண்ணை மூடிப் போட்ட அந்த மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு ஈடாகப் பலித்தது. பழைய முறையில் உதவாத அதே உள்ளுணர்வு, தனித்தனியாகத் தகவல் சேர்த்தபின் கேட்டால் உதவியது.

ஏன் தனித்தனியாக? நன்றாகப் பேசுகிறவர் நேர்மையாகவும் இருப்பார், உழைப்பாளியாகவும் இருப்பார் என்று நம் மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே, ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் இதைக் கண்டு எழுதினார். உங்கள் உதவியாளர் ஐந்து நிமிடத்தில் காட்டியது பேச்சுத் திறமை. நேர்மையை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். அடுத்தமுறை, பழைய வேலையில் பதிவேடு எழுதியவிதம், ஒரு தவறு நடந்தபோது யாரிடம் எப்போது சொன்னார் என்று நடந்ததைக் கேளுங்கள். முன்பு அவர் வேலை பார்த்த இடத்திலும், அவருக்குத் தெரிவித்துவிட்டு, விசாரியுங்கள். மனசில் படுவதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போதைய நெருடல்

இனி முக்கியமானதற்கு வருகிறேன். கிளைன் பதிவு செய்த சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. வீரர்கள் உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார்கள், தீ அடங்கவில்லை. தலைவருக்கு ஏதோ சரியில்லை என்று பட, எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். போன சிறிது நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கிளைன் அந்தச் சம்பவத்தை அவரோடு துருவித் துருவிப் பேசியபோதுதான் காரணம் வெளிவந்தது: அந்த அளவு தீக்கு அறையில் இருக்கக்கூடாத வெப்பம் இருந்தது, கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. உண்மையான தீ தரைக்குக் கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. எதிர்பார்த்ததும் நடந்ததும் பொருந்தவில்லை என்பதை அவர் மனம் கண்டுகொண்டது. எது பொருந்தவில்லை என்று அப்போது அவருக்கே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு படித்தேன். இரண்டாம் பக்கத்தில், முதல் சந்திப்பைப் பற்றி எழுதும்போது, "முன்பிருந்த பங்குதாரர் சொந்தக் காரணத்துக்காகத் தானாகவே விலகிக்கொண்டாராம்" என்கிறீர்கள். நான்காம் பக்கத்தில், மூன்றாவது சந்திப்பு. அங்கே உங்களை அழைக்கும் அந்தச் சக ஊழிய நண்பர் சொன்னதாக, "ஒத்துவராதவர்களை நான் வைத்துக்கொள்வதில்லை, முன்பிருந்தவரையும் நான்தான் அனுப்பினேன்" என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே லாபக் கணக்கு, இடம், முதலீடு என்று இரண்டு பக்கம். இந்த இரண்டு வரிகளையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஆனால் நெருடல் தொடங்கியது மூன்றாவது சந்திப்பில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதனால் அவர் பொய்யர் என்று ஆகிவிடாது. விலகியவரின் மானத்தைக் காக்க முதலில் ஒரு மாதிரி சொல்லியிருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் போதும் என்று நினைத்திருக்கலாம். நெருடல் ஒரு கேள்வியை எழுப்பியிருக்கிறது, பதிலைச் சொல்லவில்லை. பதிலை அவரிடம்தான் கேட்க வேண்டும். சண்டைக்குப் போவது போல வேண்டாம்: "முன்னாடி இருந்தவர் எப்படி விலகினார், கணக்கு எப்படி முடித்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முடிந்தால் விலகியவரிடமும் பேசுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதும் அண்ணன் சொல்வதும் இரண்டுமே பாதி சரி. இது பயமாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். இயந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வைப்பது அந்தப் பயம்தான். இந்த நெருடல் ஒரு நாளில் தொடங்கி ஒருவரையே சுற்றி நிற்கிறது. அதனால் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்து விட்டுவிடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் பங்குதாரரைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள் பழகாத துறை.

அட்டவணையைப் பற்றி

14-க்கு 5 என்பது எண்ணிக்கை, எடை அல்ல. "வீட்டுக்குப் பக்கம்" என்பதும் ஒரு புள்ளி, "அவரை முழுதாக நம்ப முடியவில்லை" என்பதும் ஒரு புள்ளி என்றால் கணக்கு எப்படிச் சரியாகும்? அமெரிக்க அரசியல் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானிக்கு எழுதிய கடிதத்தில், சாதகம் ஒரு பக்கம் பாதகம் ஒரு பக்கம் என்று எழுதும் இந்த முறையை விவரித்தார். அவர் எண்ணச் சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு தோன்றத் தோன்ற எழுது, பிறகு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் இரண்டும் சம எடையாகத் தெரிந்தால் மூன்றையும் அடித்துவிடு, மிச்சம் எங்கே நிற்கிறது என்று பார் என்றார். அப்படி அடித்துப் பாருங்கள்.

கூடவே கிளைன் பரிந்துரைக்கும் ஒரு பயிற்சியும் செய்யுங்கள். ஓராண்டு கழிந்துவிட்டது, தொழில் படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, எதனால் படுத்தது என்று தாளில் எழுதுங்கள். மனைவியும் அண்ணனும் தனித்தனியாக எழுதட்டும், பிறகு ஒப்பிடுங்கள். "தோற்குமா?" என்று கேட்டால் வராத காரணங்கள், "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் வந்து விழும்.

உங்களுக்குள்ள உரிமை, உள்ள அபாயம்

கையெழுத்துப் போடும்முன் கடந்த சில ஆண்டுகளின் கணக்குகளையும் கடன் விவரத்தையும் முந்தைய பங்குதாரர் விலகிய ஆவணத்தையும் கேட்பது தப்பே இல்லை. நட்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரணக் கூட்டுத் தொழிலில், பல நாடுகளின் சட்டப்படி, தொழிலின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகலாம். உங்கள் இடத்துச் சட்டத்தை ஒரு வக்கீலிடமும், கணக்கை ஓர் ஆடிட்டரிடமும் காட்டுங்கள். இதற்கு என் யோசனை போதாது. யோசிக்க அவகாசம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. "இந்த வாரமே சொல்" என்று அவர் நெருக்கினால் அதையும் பாதகப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்ட கேள்விக்குத் தெளிவான பதிலும் ஆவணமும் வந்து, நெருடலும் அடங்கினால் தயங்காமல் மேலே பேசுங்கள். பதில் வந்தும் அடங்கவில்லை என்றால், அந்தத் தீயணைப்புத் தலைவரோடு கிளைன் பேசியது போல, மூன்று சந்திப்பையும் மனைவியோடு ஒருமுறை ஆதியோடந்தமாகப் பேசிப் பாருங்கள், வேறேதும் கிடைக்கலாம். பதிலே மழுப்பலாக வந்தால், "இப்போதைக்கு எனக்குச் சரிவராது" என்று சொன்னால் போதும். அதற்குமேல் காரணம் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகம் கவலை தருகிறது. தூக்கம் கெடுவதும், ஒரே சோதனையை மறுபடி மறுபடி செய்வதும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், நேரில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இவை நன்றாகவே குணப்படுத்தக் கூடியவை. பங்குதாரர் முடிவை அதற்குப் பிறகு எடுத்தாலும் பரவாயில்லை. நண்பரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள்.